பல்கலைக்கழகம் அருகே சாலையைக் கடக்கிறீர்களா? பலகை இருக்கிறது... கண்ணில் படுகிறதா?

ஆகஸ்ட் வந்தால் பல்கலைக்கழகங்களில் புதிய கல்வியாண்டு. கெண்ட் ரிட்ஜில் இருக்கும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் ஆகட்டும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகட்டும், பேருந்தைவிட்டு இறங்கும் மாணவர்களில் பலர் அந்தச் சாலைக்குப் புதியவர்கள்.

சிலர் சிங்கப்பூருக்கே புதியவர்கள். சீனாவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் ஓடும். அங்கு வளர்ந்தவர் சாலையோரம் வந்ததும் முதலில் இடப்பக்கம் பார்ப்பார். இங்கு வாகனம் வருவதோ வலப்பக்கத்திலிருந்து!

"கவனமாகக் கடக்கவும்" என்ற பலகை அவருக்கு உதவுமா? எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று அது சொல்லவில்லையே! லண்டனில் 'வலப்பக்கம் பாருங்கள்' என்று சாலையிலேயே எழுதியிருப்பார்கள், அம்புக்குறியோடு.

நடப்பவருக்கு எங்கே வைப்பது?

கையில் கைத்தொலைபேசி, மழை என்றால் தலைக்குமேல் குடை. உயரத்தில் மாட்டிய பலகையை யார் பார்ப்பது?

அதனால் கால் நிற்கும் இடத்தில், தரையில் இருக்கும் குறியீடுதான் கண்ணில் படும். நிலப் போக்குவரத்து ஆணையம் 2017இல் பாதசாரிக் கடப்புகளின் ஓரத்தில், தரையில் விளக்குகளைப் பதித்துச் சோதித்ததும் குனிந்த தலைகளை நினைத்துத்தான்.

ஓட்டுநருக்கு?

இங்கே கணக்கு வேறு. 10 சென்டிமீட்டர் உயர எழுத்தைச் சுமார் 36 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம் என்பது பலகை வடிவமைப்பில் பயன்படும் ஒரு பொது விதி.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அந்தத் தூரத்தை இரண்டரை விநாடியில் தாண்டிவிடும். படித்து, புரிந்து, பிரேக்கை மிதிப்பதற்குள் ஒன்றரை விநாடி போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் ஏற்கனவே 20 மீட்டர் ஓடியிருக்கும். மிச்சம் 16 மீட்டர். காய்ந்த சாலை என்றால் எப்படியோ நின்றுவிடலாம். மழை பெய்தால்? 20 மீட்டருக்கு மேல் தேவைப்படலாம்.

பலகை கடப்பிலேயே நின்றால் போதாது, அதற்கு முன்னாடியே வரவேண்டும் என்பது அதனால்தான்.

அதே பலகையில் நான்கு மொழிகளையும் போட்டால் எழுத்து சிறிதாகும். நம் மொழியும் இருக்கவேண்டும் என்ற ஆசை நியாயமானதே. ஆனால் விரைந்து வரும் ஓட்டுநருக்குப் படம் போதும். நின்று படிக்கும் பாதசாரிக்கான பலகையில் தமிழ் தாராளமாக இருக்கட்டும்.

பேருந்து நிறுத்தத்தில்...

இறங்கியதும் பேருந்துக்கு முன்னால் புகுந்து ஓடுவது ஆபத்து. பேருந்தை முந்திவரும் காருக்கு உங்களைத் தெரியாது. கடப்பு பேருந்தின் பின்பக்கம் இருந்தால் பின்னால் வரும் ஓட்டுநர் உங்களை முன்கூட்டியே பார்க்கலாம். ஆக, நிறுத்தத்தில் தேவைப்படுவது "ஓடாதீர்" என்ற அதட்டல் அல்ல, "கடக்கும் இடம் இந்தப் பக்கம்" என்று காட்டும் அம்புக்குறி. கடப்பிலிருந்து 50 மீட்டருக்குள் வேறு இடத்தில் சாலையைக் கடப்பது இங்கு குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

நல்ல பலகையும் மரக்கிளைக்குப் பின்னால் போய்விட்டால் வீண்தான். நம் ஊரில் மரம் வளரக் கேட்கவா வேண்டும்? அப்படி ஒன்றைப் பார்த்தால் படமெடுத்து 'ஒன்சர்வீஸ்' செயலியில் அனுப்புங்கள். வளாகத்துக்குள் என்றால் பல்கலைக்கழக நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.