குழுவாகப் பாட்டு வகுப்பா? மைக்கை ஒவ்வொன்றாகத் திறங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. பிராட்பேண்ட் இணைப்பும் வந்து விட்டது. அடுத்து என்ன? பல வீடுகளில் ஆன்லைன் வகுப்புதான். பாட்டு, கணக்கு, ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று எதை வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தே கற்கலாம். ஒரு ஆசிரியர், ஒரு மாணவர் என்றால் சிக்கலே இல்லை. போனில் பேசுவது போலத்தான். பத்துப் பேர் சேரும்போதுதான் வம்பு ஆரம்பமாகிறது. ஒருவர் வீட்டு மிக்ஸி, இன்னொருவர் வீட்டு டிவி, மூன்றாமவர் வீட்டு நாய் என எல்லாமே வகுப்புக்கு வந்து விடும்!

இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பவருக்கு மாடரேட்டர் என்று பெயர். தமிழில் மட்டுறுத்துநர் என்கிறார்கள். எங்கள் கொடுமுடியில் ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு தேவார வகுப்புக்கு நான்தான் மாடரேட்டர். பாடம் நடத்துபவர் ஒரு பெரியவர். கம்ப்யூட்டர் பக்கம் அவர் வருவதில்லை. அவர் பாடுவார், நான் மைக்குகளைப் பார்த்துக் கொள்வேன். மாணவர்கள் பத்துப் பேர். பாதிப் பேர் ஈரோடு, கரூர் பக்கம். மற்றவர்கள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள்.

அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் கொடுமுடி. ஆகவே பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை இன்டர்நெட்டில் பத்துப் பேருக்குச் சொல்லித் தர ஒரு விஷயத்தை முதலில் புரிந்து கொள்ள வேண்டும்.

சேர்ந்து பாட முடியாது, ஏன்?

நேரில் நடக்கும் வகுப்பில் ஆசிரியர் பாடுவார், எல்லோரும் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். ஆன்லைனில் இது நடக்காது. எவ்வளவு விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வாங்கினாலும் நடக்காது. காரணம், தாமதம். இதை லேட்டன்சி என்பார்கள்.

காற்றில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் பாட்டு உங்கள் காதுக்கு வர ஏறக்குறைய 30 மில்லி வினாடி ஆகிறது. இதற்குள் இருந்தால் இருவர் தாளம் பிசகாமல் சேர்ந்து பாடலாம். இது கூடக் கூடப் பாட்டு இழுபட ஆரம்பிக்கும்.

இப்போது இன்டர்நெட்டுக்கு வருவோம். ஃபைபர் கேபிளில் ஒளி ஒரு வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். கொடுமுடியில் இருந்து அமெரிக்காவின் நியூஜெர்சி நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோ மீட்டருக்கு மேல். அதாவது போக மட்டுமே குறைந்தது 65 மில்லி வினாடி. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. மேலும் உங்கள் குரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சுருக்கி, சர்வருக்கு அனுப்பி, அந்தப் பக்கம் வரிசைப்படுத்தி ஒலிக்கச் செய்ய வேண்டும். எல்லாம் சேர்ந்து 150, 200 மில்லி வினாடியை எளிதாகத் தொட்டு விடும். பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் பேசினாலும் இந்த வெட்டி ஒட்டும் வேலை உண்டு.

பேசுவதற்கு இது போதும். ஒரு வழித் தாமதம் 150 மில்லி வினாடிக்குள் இருந்தால் உரையாடலுக்குப் பெரிய தொல்லை இல்லை என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமே வரையறுத்துள்ளது. ஆனால் தாளம் இதைத் தாங்காது. ஆசிரியர் தாளம் போடுகிறார். மாணவி கேட்டதும் பாடுகிறாள். அது ஆசிரியருக்குத் தாமதமாக வந்து சேர்கிறது. அவளுக்காக அவர் வேகத்தைக் குறைக்கிறார். அவளும் குறைக்கிறாள். இரண்டு நிமிடத்தில் பாட்டு மாட்டு வண்டியாகி விடும்!

ஆகவே விதி ஒன்றே ஒன்றுதான். எந்த நேரத்திலும் இரண்டு மைக்குகள் மட்டுமே திறந்திருக்க வேண்டும். ஒன்று ஆசிரியருடையது, மற்றது பாடும் முறை வந்தவருடையது. இரண்டும் மாறி மாறிப் பேசுமே தவிர, சேர்ந்து ஒலிக்கக் கூடாது.

மைக்கைப் பூட்டுவது எப்படி?

2003-ல் வந்த ஸ்கைப்பில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் கர்நாடக சங்கீதம் கற்றார்கள். அந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டு விட்டது. கூகுள் மீட், ஜிட்சி மீட் என்று இலவச வசதிகள் பல உள்ளன. நாங்கள் பயன்படுத்துவது ஜூம். இதன் இலவசக் கணக்கில் 100 பேர் வரை சேரலாம், ஒரு வகுப்பு 40 நிமிடம் நடத்தலாம்.

1. மீட்டிங்கை நீங்கள் ஆரம்பியுங்கள். அப்போதுதான் நீங்கள் ஹோஸ்ட் ஆவீர்கள். ஆசிரியர் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்தால் போதும்.

2. கீழே உள்ள பார்ட்டிசிபென்ட்ஸ் பட்டனை கிளிக் செய்யுங்கள். வந்திருப்பவர்கள் பட்டியல் தெரியும்.

3. அதில் மியூட் ஆல் என்பதை கிளிக் செய்யுங்கள். உறுப்பினர்கள் தாங்களாகவே மைக்கைத் திறக்கலாமா என்று கேட்கும் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்து விடுங்கள்.

4. ஆசிரியரின் பெயருக்கும், பிறகு முறை வந்தவரின் பெயருக்கும் நேராக ஆஸ்க் டு அன்மியூட் கொடுங்கள். அவர்கள் திரையில் ஒரு பெட்டி வரும். அதில் அவர்கள் சம்மதம் கொடுத்தால்தான் மைக் திறக்கும். பிறர் வீட்டு மைக்கை நீங்களாகத் திறக்க முடியாது. அது நல்லதுதான்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆல்ட் விசையுடன் எம் விசையை அழுத்தினால் ஹோஸ்ட் தவிர எல்லோருடைய மைக்கும் மூடிக் கொள்ளும். எங்காவது குக்கர் விசிலடித்தால் கை தானாக அந்த விசைகளுக்குப் போக வேண்டும்! மறக்காமல் ஆசிரியரை மறுபடி திறந்து விடுங்கள்.

சுருதியைத் தின்னும் சாஃப்ட்வேர்

இது பாட்டு வகுப்புக்கே உரிய தொல்லை. ஃபேன் சத்தம், ஏ.சி. சத்தம் போன்றவை ஒரே சீராக வருபவை. அவற்றைக் கண்டுபிடித்து நீக்கும் வேலையை இந்த சாஃப்ட்வேர்கள் தாமாகவே செய்கின்றன. தம்புராவும் சுருதிப் பெட்டியும்கூட ஒரே சீராகத்தானே ஒலிக்கின்றன? பாவம், கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. சுருதியை ஃபேன் என்று நினைத்து வெட்டி விடும். ஆசிரியர் நீட்டிப் பிடிக்கும் கார்வையையும் சில நேரம் பாதியில் விழுங்கும்.

ஆசிரியரின் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் போய் ஆடியோ பகுதியைத் திறங்கள். ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ் என்பதைத் தேர்வு செய்யுங்கள். வெர்ஷனுக்கு வெர்ஷன் இடம் மாறலாம், பெயர் இதுதான். பிறகு மீட்டிங் திரையிலும் அதே பெயருள்ள பட்டனை ஆன் செய்ய வேண்டும். மைக் வால்யூமைத் தானாகச் சரி செய்யும் வசதி இருந்தால் அதை நிறுத்தி விடுங்கள். இல்லாவிட்டால் உரக்கப் பாடுவதும் மெல்லப் பாடுவதும் ஒரே அளவாகக் கேட்கும். கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளின் குரல் ஏறி இறங்கும் அழகை நினைத்துப் பாருங்கள். அதை இஸ்திரி போட்டது போலத் தட்டையாக்கினால் என்ன மிஞ்சும்?

மாணவர்களிடம் ஒன்று சொல்லி விடுங்கள். சுருதியை ஆசிரியரிடம் இருந்து எதிர்பார்க்க வேண்டாம். எத்தனை கட்டை என்று முன்பே பேசி வைத்து, அவரவர் வீட்டில் சுருதிப் பெட்டியோ தனி போனில் தம்புரா ஆப்போ வைத்துக் கொள்ளட்டும்.

எக்கோ யாரால் வருகிறது?

"எனக்கு என் குரலே திரும்பக் கேட்குதுங்க" என்று ஒருவர் சொல்வார். உடனே அவருடைய கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மை நேர் எதிர். அவர் குரல் வேறொருவர் வீட்டு ஸ்பீக்கரில் ஒலித்து, அந்த வீட்டு மைக்கில் புகுந்து திரும்பி வருகிறது. எக்கோ என்று புகார் சொல்லாதவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்! எல்லோரையும் மியூட் செய்து, ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தால் யார் வீடு என்று தெரிந்து விடும். மருந்து, ஒரு ஹெட்போன்.

ஒரு நோட்டு, ஒரு பேனா

மைக்கைப் பூட்டுவது சுலபம். பூட்டியபின் ஒரு பொறுப்பு வந்து சேர்கிறது. யார் பாட வேண்டும் என்பது இப்போது உங்கள் கையில். தைரியமானவர்கள் கை தூக்கும் பட்டனை அழுத்திக் கொண்டே இருப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் அழுத்தவே மாட்டார்கள். நேரில் என்றால் ஆசிரியர் முகத்தைப் பார்த்தே தெரிந்து கொள்வார். குரல் மட்டும் உள்ள வகுப்பில் மௌனமாக இருப்பவர் இல்லாதவருக்குச் சமம்.

அதனால் நான் பெயர் எழுதிய ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பதிகம் என்றால் பத்துப் பாட்டு. ஆளுக்கு ஒரு பாட்டு என்று வரிசை போடுவோம். அடுத்தவர் பெயரையும் சேர்த்தே அறிவிப்பேன். பாடியவர் பெயருக்கு நேராக டிக்.

சென்ற ஆண்டு கரூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்தியின் பெயருக்கு நேராக இரண்டு வாரம் டிக் விழவில்லை. முறை வந்தபோது குரலே வரவில்லை. வகுப்பு முடிந்ததும் அவள் அம்மாவுக்கு போன் செய்தேன். "அவளுக்குப் பாட வரலீன்னு நிறுத்திடலாம்னு சொல்றாளுங்க" என்றார். அம்மாவின் செல்போனில்தான் அவள் படித்தாள். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் ஜூம், அதில் பெர்மிஷன்ஸ் என்று ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னேன். மைக்ரோபோனுக்கு அனுமதியே கொடுக்கப்படவில்லை! இரண்டு வாரமும் அவள் பாடியிருக்கிறாள், யாருக்கும் கேட்கவில்லை. தன் பாட்டு பிடிக்காமல்தான் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்து விட்டாள். அடுத்த ஞாயிறு முதல் பாட்டு அவளுக்கு. "கேட்குது கண்ணு, நல்லாக் கேட்குது. ரெண்டாவது அடியை மட்டும் இன்னொருக்காப் பாடு" என்றார் ஆசிரியர். இப்போதும் வகுப்பில் இருக்கிறாள்.

விண்டோஸ் 11-ல் இதே அனுமதி செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் மைக்ரோபோன் என்ற இடத்தில் இருக்கும். புதிதாகச் சேருபவரிடம் வகுப்புக்கு முதல் நாளே இரண்டு நிமிடம் பேசிச் சோதித்து விடுங்கள்.

கதவைப் பூட்டுங்கள்

2020 ஊரடங்கின்போது உலகம் முழுவதும் அந்நியர்கள் வகுப்புகளில் புகுந்து கலாட்டா செய்தார்கள். அதன்பின் அந்த ஆண்டு ஏப்ரலில் ஜூம் நிறுவனம் பாஸ்வேர்டையும் வெயிட்டிங் ரூமையும் தானாகவே ஆன் ஆகும்படி மாற்றியது. அவற்றை ஆஃப் செய்யாதீர்கள். லிங்க்கை மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் கொடுங்கள். ஃபேஸ்புக்கில் போடவே வேண்டாம். எல்லோரும் வந்ததும் லாக் மீட்டிங் கொடுத்து விடலாம். ஆனால் லைன் கட்டாகி வெளியே போனவர் திரும்ப வர முடியாது, அப்போது திறந்து விடுங்கள். குழந்தைகள் பாடுவதை ரெக்கார்ட் செய்யப் பெற்றோரின் சம்மதம் அவசியம்.

கரண்ட், டேட்டா, கடிகாரம்

குரல் மட்டும் என்றால் ஒரு வினாடிக்கு அதிகபட்சம் 80 கிலோபிட் வரை செலவாகும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 36 எம்.பி.தான். வீடியோவுக்கு இதைப் போலப் பல மடங்கு ஆகும். லைன் தடுமாறினால் முதலில் கேமராவை நிறுத்துங்கள்.

கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ஆனால் ரூட்டர் நின்று விடும். ரூட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கிடைக்கிறது. இன்னொரு வழி, அதே ஜூம் கணக்கில் உங்கள் செல்போனையும் சேர்த்து வைப்பது. ஒரே கணக்கை ஒரு கம்ப்யூட்டரிலும் ஒரு போனிலும் ஒரே நேரத்தில் பயன்படுத்தலாம். போனின் மைக்கும் ஸ்பீக்கரும் மூடியிருக்கட்டும், இல்லாவிட்டால் ஊளையிடும்.

எங்கள் வகுப்பு காலை 6.30-க்கு. சிங்கப்பூரில் அப்போது 9 மணி. நியூஜெர்சியில் முந்தைய நாள் இரவு, குளிர்காலத்தில் 8 மணி, கோடையில் 9 மணி. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். அதற்கு முந்தைய வாரமே மெசேஜ் அனுப்பி விடுங்கள்.

ஆடிப்பெருக்கு அன்று மட்டும் எந்த செட்டிங்ஸும் உதவாது. காவிரிக் கரையில் கூட்டமும் ஒலிபெருக்கியும் சேர்ந்தால் ஒரிஜினல் சவுண்ட் முழுவதும் ஊர் சவுண்ட்தான். அந்த வாரம் விடுமுறை விட்டு விடுங்கள்!