கோடை விடுமுறையில் மூப்படையும் மடிக்கணினி மின்கலம்

மடிக்கணினியின் மின்கலம், அதாவது பேட்டரி, பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் தேய்கிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை விரியும் எல்லையோரச் சிற்றூர்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பாதி உண்மையே. அங்கே பள்ளிகள் பூட்டிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில், யாரும் தொடாமல் அலமாரியில் இருக்கும்போதே மின்கலம் விரைந்து மூப்படைய எல்லா வாய்ப்பும் உண்டு.

கேரளத்தில் மடிக்கணினி பள்ளிப் பொருளாகவே ஆகிவிட்டது. மாநில அரசின் கைட் நிறுவனம் 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தின்கீழ், எட்டு முதல் பன்னிரண்டு வரையுள்ள 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வழங்கப்பட்டன; எஸ்.எஸ்.எல்.சி. மாணவர் கணினியிலேயே ஐ.டி. செய்முறைத் தேர்வு எழுதுகின்றனர். கல்வியாண்டு முழுவதும் மேசைமேல் மின் இணைப்பிலேயே இருக்கும் இக்கருவிகள், மார்ச் இறுதியில் முழுச் சார்ஜோடோ அறவே தீர்ந்த நிலையிலோ உள்ளே வைக்கப்பட்டால், ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்வரை அப்படியே கிடக்கும்.

இவற்றில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். இதை 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள், அதாவது மின்சுமை கொண்ட லித்தியம் அணுக்கள், நேர்முனையிலிருந்து புறப்பட்டு, இடையிலுள்ள மின்பகுளி என்னும் திரவத்தின் வழியே சென்று, எதிர்முனையான கிராபைட்டின் அடுக்குகளுக்குள் புகுகின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. கிராபைட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று தானாகவே படிந்து மின்பகுளியைச் சிதையாமல் காக்கிறது என்றாலும், அந்தப் படலம் தடிக்குந்தோறும் கொஞ்சம் லித்தியத்தை விழுங்கிவிடுவதால் மின்கலத்தின் கொள்ளளவு குறைகிறது. வெப்பம் கூடினால் இந்த வேதிவினை முடுக்கம் பெறும். மின்கலத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கலமும் முழுச் சார்ஜில் ஏறத்தாழ 4.2 வோல்ட் அழுத்தத்தில் நிற்பதால், அந்த உச்சத்தில் நீண்ட நேரம் வைத்திருப்பதும் இதே கேட்டை விளைவிக்கும். இரண்டும் ஒன்றுசேர்வதே ஆபத்து.

பரவலாக எடுத்தாளப்படும் ஒரு மதிப்பீட்டின்படி, 25 டிகிரி வெப்பத்தில் 40 விழுக்காடு சார்ஜோடு ஓராண்டு வைக்கப்பட்ட மின்கலம் தன் கொள்ளளவில் 96 விழுக்காட்டைத் தக்கவைக்கும்; 40 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 65 விழுக்காடே மிஞ்சும். தகரக்கூரையின்கீழ் சன்னல் சாத்திய அறை, பங்குனி சித்திரை வெயிலில் அந்த 40 டிகிரியை எட்டுவது அரிதன்று. ஆகவே விடுமுறைக்கு முன் சார்ஜைப் பாதியளவுக்குக் கொண்டுவந்து, கருவியைத் தூங்கும் நிலையில் விடாமல் முற்றிலும் நிறுத்தி, கட்டடத்தின் குளிர்ந்த தரைத்தள அறையில் வைப்பதே முறை. அறவே தீர்ந்த நிலையில் வைப்பது இன்னும் மோசம். தானாகக் கசியும் சார்ஜால் அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்துவிட்டால், பாதுகாப்புச் சுற்று மின்கலத்தில் மீண்டும் சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடக்கூடும்.

எப்போதும் மின் இணைப்பிலேயே இருக்கும் கருவிக்கு, சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பு பெரும்பாலான புதிய மாதிரிகளில் இருக்கிறது. லெனோவோவில் அது கன்சர்வேஷன் மோடு என்று வழங்கப்படுகிறது. ஏனோ இதைத் தேடிப் பார்ப்பவர் குறைவு. முழுவதும் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடவேண்டும் என்று இன்றும் கூறப்படும் அறிவுரையோ பழைய நிக்கல் காட்மியம் மின்கலத்துக்கு உரியது. லித்தியத்துக்கு அது தீங்கே. கைட் வழங்கும் லினக்ஸ் மென்பொருள் உபுண்டுவைத் தழுவியது என்பதால், உபுண்டுவின் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் செயலி இருக்கும் கருவியில், ஆக்கியபோது இருந்த கொள்ளளவையும் இன்று எஞ்சியிருப்பதையும் அருகருகே பார்த்துத் தேய்மானத்தை அறியலாம். 

மூப்பு முற்றிய மின்கலத்துக்குள் வாயு உண்டாவதுண்டு. வீக்கம் கண்ணில் படுமுன்பே, டச்பேடை அழுத்தினால் வழக்கமான கிளிக் ஒலி கேட்காமல் அது விறைத்து நிற்கும். பின்னர் அதன் ஓரம் மேலெழும்பி, மூடி சரியாகப் பொருந்தாமல் போகும். அந்நிலையில் சார்ஜ் ஏற்றுவதையும், குத்திப் பார்ப்பதையும், அழுத்தி மூடுவதையும் தவிர்த்து, பழுது நீக்குவோரைக் கொண்டு கழற்றி, பிளாஸ்டிக் கழிவோடு கலக்காமல் மின்னணுக் கழிவு என்று சொல்லியே, கழிவு சேகரிக்க வரும் ஹரித கர்ம சேனையினரிடம் ஒப்படைக்க வேண்டும். குத்துப்பட்ட லித்தியம் மின்கலம் கழிவுச் சாக்குக்குள்ளேயே தீப்பற்றக்கூடியது.