சிறகு கட்டுவோம் – 9: முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள்

போன வாரம் நம் ரிமோட் விமானத்தின் மோட்டாரையும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியையும் இணைத்தோம். பேட்டரியைச் செருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் புரொப்பெல்லரைக் கழற்றித் தனியாக வையுங்கள். மேசையில் செய்யும் எந்தச் சோதனைக்கும் அது தேவையில்லை.

10 அங்குலப் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால், அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 480 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இரண்டு பிளேடும் சேர்ந்து நொடிக்கு 330 தடவைக்கு மேல் ஒரே இடத்தைக் கடக்கின்றன. பட்டதும் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொள்ள நேரமே கிடையாது. அதனால்தான் இந்தக் காயம் ஒற்றைக் கீறலாக இருப்பதில்லை. வரிவரியாக, அடுத்தடுத்து விழும்; சில சமயம் எலும்பு வரை இறங்கும்.

எரிபொருளில் ஓடும் குளோ இன்ஜின்களை விரலால் தட்டி ஸ்டார்ட் செய்த காலத்திலும் விரல்கள் கிழிந்தன. ரப்பர் மாட்டிய குச்சியால் தட்டும் பழக்கம் அதனால்தான் வந்தது. ஆனால் அந்த இன்ஜின் போடும் சத்தமே ஓர் எச்சரிக்கை. விரல் சிக்கினால் பெரும்பாலும் திணறி நின்றுவிடும். மின் மோட்டார் அப்படியல்ல. பேட்டரி செருகியபின் அசையாமல் கிடக்கும்; கட்டளை வந்த கணமே சுற்றும். தடை வந்தால் இன்னும் அதிக மின்சாரத்தை இழுத்துக்கொண்டு சுற்றப் பார்க்கும். ஆபத்தில்லாதது என்று நம்பிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் மின் விமானத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் அதிகம்.

விமானத்தின் மூக்கில் எதையோ திருகிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் இருக்கும் ரிமோட்டில் முழங்கை இடிக்கிறது, த்ராட்டில் குச்சி மேலேறுகிறது. அவ்வளவுதான். ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் அமைப்பு) சரியாக அமைக்காத விமானத்தில், ரிமோட்டை முதலில் அணைத்தாலே மோட்டார் வேகமெடுக்கலாம். ஆகவே ரிமோட்டை முதலில் போடுங்கள், கடைசியில் அணையுங்கள். மோட்டாரைச் சுற்றவிடாமல் தடுக்கும் த்ராட்டில் கட் சுவிட்சைப் பறக்கும் கணம் வரை எடுக்காதீர்கள்.

மைதானத்தில் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது ஒருவர் விமானத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பின்னால் நில்லுங்கள். பிளேடு உடைந்தால் பக்கவாட்டில்தான் தெறிக்கும். அந்தக் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. விரிசல் விட்ட புரொப்பெல்லரை ஒட்டிப் பயன்படுத்துவது கண்ணோடு விளையாடுவது. உயிரும் போகலாம்: 2013இல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஒரு பூங்காவில் ரிமோட் ஹெலிகாப்டர் பறக்கவிட்ட 19 வயது இளைஞர் அதன் பிளேடு தாக்கி அங்கேயே இறந்தார். பழகிய கைதான் அவருடையதும்.

காயம் பட்டுவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்திக்கொள்ளுங்கள். விரல் துண்டானால் அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. சிறு வெட்டென்றாலும் விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம். தையலோடு விடாமல் கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே இருக்கிறது.

பறக்கவிடப் போகும்போது எடுத்துச் செல்லும் பையில் காஸ் துணியும் கட்டுத்துணியும் இருக்கட்டும். தனியாக மட்டும் போகாதீர்கள்.