ஆடு கடிக்காத செடி

கொங்கு நாட்டு மானாவாரிக் காடுகளின் வேலியோரத்தில் காட்டாமணக்கை வைத்தவர்கள் அதனிடம் எதிர்பார்த்த குணம் ஒன்றே: ஆடு அதைக் கடிக்காது. 2003-ல் திட்டக் கமிஷனின் குழுவொன்று டீசலுக்கு மாற்றாக இந்த விஷச் செடியின் விதையெண்ணெயைச் சிபாரிசு செய்தபின், வேலியில் நின்றது நடுக்காட்டுக்கு வந்தது.

தரிசில்தான் நடப்போகிறோம், ஆகையால் ஆகாரத்துக்குப் பங்கமில்லை என்பது அந்த யோசனையின் ஆதாரம். தரிசு என்பது சர்க்கார் தஸ்தாவேஜில் உள்ள பெயர். ஊராருக்கு அது மேய்ச்சல் நிலம், விறகு பொறுக்கும் இடம். அதுவும் போக, தண்ணீரும் எருவும் இல்லாமல் செடி சரியாகக் காய்க்காதென்பதால், சிறு விவசாயிகள் பலர் நிலக்கடலை விளைந்த காட்டிலேயே அதை நட்டார்கள்.

நிலக்கடலையை வெறும் பணப்பயிர் என்று கணக்கெழுதுகிறவர்கள் ஐப்பசியில் ஒரு கடலைக் காட்டை எட்டிப் பார்த்ததில்லை போலும். பிடுங்கிப் போட்ட செடிகளைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். பேச்சுக்கு நடுவே பச்சைக் கடலை வாய்க்குள் போய்க்கொண்டிருக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெய் தாளிப்புக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, கொடியைப் போர் போட்டால் கோடைக்குத் தீவனம், ஊடே விதைத்த துவரையும் தட்டைப்பயறும் குழம்புக்கு என்று ஒரு காடே அடுப்படிவரை வந்து சேரும். மழை பொய்த்துக் காய் பிடிக்காத வருஷத்திலும் கொடியாவது மிஞ்சும்.

காட்டாமணக்கோ இரண்டு மூன்று வருஷம் வெறுமனே நின்று, பிறகு தருவதும் விஷம். விதையைத் தின்ற குழந்தை வாந்தி பேதியில் விழும், பிண்ணாக்கு எருவுக்குத்தான் பிரயோஜனம்.

2006 ஜனவரி முதல் சர்க்கார் எண்ணெய்க் கம்பெனிகள் பயோடீசலை லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் என்று ஏற்பாடாயிற்று. லிட்டருக்கு மூன்று நான்கு கிலோ விதை வேண்டும். ஆட்டுகூலியும் சுத்திகரிப்பும் வண்டிச் சத்தமும் போக, விதை விற்கிறவனுக்குக் கிலோவுக்கு ஐந்தாறு ரூபாய் தேறினால் அதிர்ஷ்டம் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் யாரும் போட்டுப் பார்த்திருக்கலாம். காய்களோ ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. திரும்பத் திரும்பப் பறிக்கிற கூலி அந்த ரூபாயையும் விழுங்கிவிடும்.

2009-ல் வந்த தேசியக் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலப்பு என்று சங்கற்பம் செய்துகொண்டது. இங்கோ பலர் செடியைப் பிடுங்கிவிட்டு மறுபடி கடலை போட நினைத்தார்கள். வழக்கமாக முந்தின விளைச்சலிலிருந்து விதைக்கு எடுத்துவைப்பார்களே, அந்த மூட்டை இப்போது வீட்டில் இல்லை. விதைக்கடலைக்கும் கடைக்குப் போக வேண்டியிருந்தது.