வாசல் பூவில் ஒரு மருந்து, ஆனால் கஷாயத்தில்?

ஜொகூர் பாருவில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நித்தியகல்யாணி பூத்திருக்கும். மலாய்க்காரர்கள் இதைக் கெமுந்திங் சீனா என்பார்கள். இரத்தப் புற்றுநோய்க்கான முக்கிய மருந்து ஒன்று இந்தச் செடியிலிருந்து கிடைத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஜமைக்காவில் இதன் இலையை நீரிழிவுக்காகக் காய்ச்சிக் குடித்து வந்தார்கள். 1950களில் கனடா ஆய்வாளர்கள் ராபர்ட் நோபலும் சார்ல்ஸ் பீரும் அதை எலிகளிடம் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை, இரத்த வெள்ளை அணுக்கள்தாம் சரிந்தன. வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு இது உதவுமே என்று யோசித்தார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே செடியின் வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் அது உண்டு.

தட்டில் நடப்பது என்ன?

ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உட்பட நாட்டின் பல ஆய்வகங்கள் மூலிகைச் சாறுகளை ஆராய்கின்றன. புற்றுநோய்க்கான முதல் சோதனை எளிமையானது. இலையை உலர்த்தி, அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். 96 குழிகள் கொண்ட தட்டில் புற்றணுக்களை வளர்த்து, வெவ்வேறு அளவில் சாற்றைச் சேர்ப்பார்கள். பிறகு ஒரு மஞ்சள் சாயம் விடுவார்கள். உயிருள்ள அணு அதை ஊதா நிறமாக்கும். நிறம் வெளுத்தால் அணுக்கள் செத்துவிட்டன என்று பொருள்.

ஆனால் தட்டில் உள்ள அணுவைக் குளோரோக்ஸும் கொல்லும்! ஆகவே, நல்ல அணுக்களை விட்டுவிட்டுப் புற்றணுவை மட்டும் தாக்குகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. அதன்பின் விலங்குகள், அதன்பின் மனிதர்கள் என்று பல கட்டங்கள் உண்டு.

1960 முதல் 1982 வரை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் சுமார் 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்தது. மருந்தாகக் கரை சேர்ந்தவை மிகச் சில. அவற்றில் ஒன்றான பாக்லிடாக்ஸலுக்கு 1962இல் மரப்பட்டை சேகரித்தார்கள்; அங்கீகாரம் கிடைத்தது 1992இல்தான்.

வீட்டில் காய்ச்சலாமா?

பெலாலாய் காஜா, டுரியான் பெலாண்டா இலை என்று புலனத்தில் தினமும் ஒரு செய்தி வருகிறது. இவை ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டவைதாம். ஆனால் மனிதர்களிடம் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை.

நித்தியகல்யாணி இலையையும் காய்ச்சிக் குடித்துவிடாதீர்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவை. இலையில் வேறு பல நச்சுப்பொருள்களும் உள்ளன. கீமோதெரபியால் வெள்ளை அணு குறைந்திருப்பவருக்கு அது ஆபத்து.

இன்னொரு உண்மையும் உண்டு. 2018இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வின்படி, வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியோரின் மரண அபாயம் 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயில் அது 5 மடங்குக்கும் மேல்.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். அப்படிச் சொல்லி விற்பவரிடமிருந்து விலகியே இருங்கள்.

பாட்டி வைத்தியத்தை யாரும் இழிவாகப் பேச வேண்டியதில்லை. ஜமைக்காவின் இலைக் கஷாயம் இல்லாமல் அந்த மருந்தும் இல்லை. வீட்டில் யாராவது மூலிகை சாப்பிடுகிறார் என்றால், மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சையை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.