படித்துக் காட்டும் கருவி

‘ஆ’ என்று ஒலியுங்கள். ஓசையை நிறுத்தாமல் அதையே ‘ஈ’ என்று மாற்றுங்கள். தொண்டையிலுள்ள குரல்நாண்கள் முன்போலவே அதிர்கின்றன. மாறியது வாயறையின் வடிவம். அவ்வடிவத்திற்கேற்பச் சில அதிர்வெண்கள் வலுப்பெறுகின்றன.

குரல்நாண்களுக்குப் பதில் மின்துடிப்புகள், வாயறைக்குப் பதில் மின்வடிகட்டிகள் என்று அமைத்தால் கருவியும் பேசும்! 1976இல் அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் வெளியிட்ட கருவி, அச்சுப் புத்தகத்தையே படித்துக் காட்டியது. கண்ணாடித் தட்டின்மேல் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தால், ஒளியுணர் கருவி எழுத்துகளை வருடும். கணிப்பொறி அவற்றை இனங்கண்டு ஒலிகளாக்கும்.

குரலில் இனிமை இல்லைதான். ஆனால், அதுவரை பிரெயில் பதிப்புக்காகவோ, படித்துக் காட்டும் நண்பருக்காகவோ காத்திருந்த பார்வையற்ற மாணவர், கருவி இருந்த நூலகத்தில் வேண்டிய பக்கத்தைத் தாமே படிக்க முடிந்தது. அன்று மேசையளவு இடம் பிடித்த அவ்வேலையை இன்று கைப்பேசியே செய்கிறது.