வீடு மாறிய பின் மனமும் வந்து சேர வேண்டும்



நமது மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அறுபது வயதைக் கடந்த ஒரு தாயார் வந்தார்கள். இரவில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றார்கள். இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., தைராய்டு எல்லாம் பார்த்தும் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. மருந்துச் சீட்டை எழுதப்போன மருத்துவர், "வீட்டில் சமீபத்தில் ஏதாவது மாற்றம் உண்டா அம்மா?" என்று கேட்டார். அந்தத் தாயார் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு மருத்துவமனைக் குருவானவராகிய என்னிடம் அனுப்பப்பட்டார்கள். (அவர்களுடைய அனுமதியோடு, சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.)

அவர்களுடைய கணவர் ஒரு குருவானவர். பல சேகரங்களில் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர். குருமனையைக் காலி செய்து, ஒரு நகரத்தில் வாடகை வீட்டுக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள்.

"ஐயா, ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோவிலுக்குப் போவது, எந்த பெஞ்சில் உட்காருவது என்றே தெரியவில்லை. இத்தனை வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்தவள் நான். இப்போது யாராவது வந்து, இது எங்கள் இடம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அழுதால், விசுவாசம் இல்லாதவள் மாதிரி அழாதே என்கிறார்கள்" என்றார்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியத்துக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். மாற்றத்தில் வருகிற துக்கத்தை அவிசுவாசம் என்று நினைக்கும் பழக்கம் நம் சபைகளிலும் குடும்பங்களிலும் பலருக்கு உண்டு. அது சரியல்ல.

மாற்றம் வேறு, கடந்துவருதல் வேறு

வில்லியம் பிரிட்ஜஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1980-ல் வெளியிட்ட நூலொன்றில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். மாற்றம் என்பது வெளியே நடப்பது. பணிமாற்ற உத்தரவு, திருமணம், மரணம், வீடு மாறுதல் ஆகியவை ஒரே நாளில் நடந்துவிடும். அந்த மாற்றத்தை மனம் ஏற்றுக்கொண்டு கடந்துவருவது உள்ளே நடப்பது. அதற்கு மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்களும் ஆகும்.

இந்தப் பயணத்தில் மூன்று கட்டங்கள் உண்டு என்கிறார் அவர். முதலில் பழையது ஒன்று முடிகிறது. பிறகு பழையதும் இல்லாமல், புதியதும் பிடிபடாத ஓர் இடைக்காலம் வருகிறது. அதன்பின்தான் உண்மையான தொடக்கம். மாற்றம் தொடங்குவது முடிவிலிருந்தே என்பதுதான் இதில் முக்கியம். முடிந்ததை முடிந்தது என்று சொல்லி விடைகொடுக்காமல், புதியதில் கால் ஊன்ற முடிவதில்லை.

வேதத்தை வாசிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. இஸ்ரவேல் மக்கள் ஒரே இரவில் எகிப்தை விட்டுப் புறப்பட்டார்கள். ஆனால் கானானுக்குப் போய்ச் சேர நாற்பது வருடங்கள் ஆயின. வழியிலே அவர்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுததை எண்ணாகமம் பதினோராம் அதிகாரம் சொல்கிறது. அடிமைத்தனத்தின் சோறுகூட பழகிப்போனால் இனிக்கிறது! அந்த வனாந்தரத்தில்தான் தேவன் அவர்களுக்கு மன்னாவையும் கட்டளைகளையும் கொடுத்தார். ஆகையால் இடைக்காலம் வீணான காலமல்ல.

சபை கற்ற பாடம்

நம் தென்னிந்தியத் திருச்சபையின் வரலாறே இதற்கு நல்ல உதாரணம். 1919-ம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்கள், பெரும்பாலும் இந்தியர்கள், சபை ஐக்கியத்துக்கான அறிக்கையை வெளியிட்டார்கள். ஐக்கியம் நிறைவேறியதோ 1947 செப்டம்பர் 27-ல், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில். இடையில் 28 வருடங்கள்!

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் இணைந்தபோது, ஒவ்வொரு சபையாரும் ஏதோவொன்றை இழக்க வேண்டியிருந்தது. இதை உணர்ந்த தலைவர்கள் இரண்டு காரியங்களைச் செய்தார்கள். மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழியத்தையோ எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார்கள். பேராயரால் குருப்பட்டம் பெறாத ஊழியர்களையும் மறுபடி பட்டம் பெறச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டு, இரு முறைகளும் ஒன்றாக வளர 30 வருடங்களை ஒதுக்கினார்கள். அப்படியும் எல்லாரும் உடனே வந்துவிடவில்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையார் அப்போது இணையாமல் நின்றார்கள்.

இந்த ஐக்கியத்துக்காக உழைத்தவர்களில் முதன்மையானவர், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. அவர் 1945 ஜனவரி 1-ல் காலமானார். மோசே கானானுக்குள் பிரவேசியாததுபோல, அவரும் அந்த நாளைக் காணவில்லை.

ஒரு பெரிய திருச்சபையே இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. அப்படியிருக்க, கணவனை இழந்த ஒரு தாய் ஆறு மாதத்தில் தேறிவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமா?

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. இழந்தது எது என்று பெயர் சொல்லுங்கள். பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி, இனி தன்னை மாராள் என்றே அழைக்கும்படி ஊராரிடம் வெளிப்படையாகச் சொன்னாள். ரூத் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, கூடவே இருந்தாள். கடைசிப் பிள்ளையும் விடுதிக்குப் போனபின் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று தாய் சொன்னால், "நல்ல படிப்புக்குத்தானே போயிருக்கிறான்" என்று வாயை அடைக்காதீர்கள்.

2. மாறாதவற்றைக் காப்பாற்றுங்கள். ஊர் மாறினாலும் குடும்ப ஜெப நேரம் மாற வேண்டாம். முதியவர்களை மகன் வீட்டுக்கு அழைத்துவரும்போது, பழைய வேதபுத்தகம், கட்டில், பூந்தொட்டி என்று பழகிய பொருள் சிலவும் கூட வரட்டும்.

3. ஒரே சமயத்தில் பல மாற்றங்கள் வேண்டாம். துக்கம் நடந்த வீட்டில், உடனே வீட்டை விற்பது போன்ற பெரிய தீர்மானங்களைக் கூடுமானவரை தள்ளிவையுங்கள்.

4. புதிய இடத்தில் ஒரு சிறிய பொறுப்பைக் கொடுங்கள். விருந்தாளியாகவே உட்கார்ந்திருப்பவருக்கு எந்த வீடும் சொந்த வீடாவதில்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

துக்கம் நோயல்ல. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனச்சோர்வு நீடித்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் போனால், மருத்துவரைப் பார்க்கவேண்டும். உயிரோடிருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. இரண்டையும் தருகிறவர் ஒருவரே.

சபையாருக்கு ஒரு விண்ணப்பம்

புதிய குருவானவரை மாலையோடும் சால்வையோடும் வரவேற்கிறோம். அது நல்ல வழக்கம். ஓய்வு பெற்றுப் போனவர்கள் இன்று எந்தக் கோவிலில், யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரிக்கிறோமா? உங்கள் சபையில் புதிதாக வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் பேசாமல் போய்விடுகிற ஒருவர் இருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய பெயரைக் கேளுங்கள்.

நாம் மேலே சொன்ன தாயாரிடம் அப்படி ஒரு சகோதரி பெயரைக் கேட்டார்கள். "இங்கே வந்து உட்காருங்கள் அக்கா" என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். இப்போது அந்தத் தாயார் அச்சபையின் பெண்கள் ஐக்கியத்தோடு மாதம் ஒருமுறை நமது வார்டுகளுக்கு வந்து நோயாளிகளோடு ஜெபிக்கிறார்கள். சில இரவுகளில் இன்னும் தூக்கம் வருவதில்லை என்கிறார்கள். ஆனால் அதை மறைக்காமல் கணவரிடம் சொல்ல முடிகிறது. அவரும் இப்போது கேட்கிறார்.

நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் ஒரு பங்கு நமது ஆலோசனை அறைக்கும் செலவாகிறது. அங்கே விலையுயர்ந்த கருவிகள் இல்லை. இரண்டு நாற்காலிகளும், அவசரப்படுத்தாமல் கேட்கிற ஒருவரும் உண்டு. பரிசோதனைக் கூடத்தில் தெரியாத வேதனையோடு வருகிறவர்களுக்காகவும், அவர்களுக்குச் செவிகொடுக்கிற ஊழியருக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள்.

நேற்றும் இன்றும் என்றும் மாறாத ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் காத்து நடத்துவாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்